பெருமையுடன் பகிர்கிறது

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்த கையோடு, கல்மண்டபத்துக்குப் பின்னால் உள்ள பாய்மரத் தெரு நல்மரண சகாய சங்கத்தின் கூடத்தில் இருந்தவர்கள்: தலைவர் ஜெரி, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; செயலாளர் கிறிஸ்டினா, பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் அந்தச் செய்தி அவர் குரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை; சங்கத்துக்கு இணையதளம் செய்து கொடுத்த மோகனப்ரியா, திருவொற்றியூரில் கடை வைத்திருப்பவர்; இறால் வியாபாரம் செய்யும் அடைக்கலமேரி; முன்னாள் செயலாளர் இக்னேஷியஸ்; இவர்களோடு உறுப்பினர்கள் பதினெட்டுப் பேர்; சுவரில் மறைந்த தலைவர்களின் படங்கள் பதினொன்று. படங்களையும் வருகைப் பதிவில் சேர்த்துத்தான் எழுதுவார்கள். கூட்டம் செல்லுபடியாக முப்பது பேர் வேண்டும் என்பது விதி. உயிருள்ளவர்களை மட்டும் எண்ணினால் சங்கம் எட்டு வருடமாக ஒரு தீர்மானமும் போட்டிருக்க முடியாது.

சங்கத்தின் வேலை எளிமையானது. உறுப்பினர் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் பெட்டி, மெழுகுவர்த்தி, வண்டி எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு, ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஓர் ஆண்மகன் வந்து, கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து குழி வரைக்கும், பத்தடியாவது பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் பெயர் அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் கூடத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும். அதற்குப் பெயர் தோள் கொடாதோர் பட்டியல். அந்தத் தெருவில் ஒருவன் குடிக்கலாம், அடிக்கலாம், இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டும் வரலாம். ஆனால் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் ஒரு வருடத்துக்கு அவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்.

இக்னேஷியஸுக்கு எழுபத்தொரு வயது. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் ஓட்டியவர். மேலே உட்கார்ந்து கீழே இருப்பவர்களைப் பார்த்துப் பழகிய கழுத்து, தரைக்கு இறங்கிய பிறகும் வளையவில்லை. தொண்ணூற்று நான்கிலிருந்து ஒன்பது வருடம் சங்கச் செயலாளராக இருந்து பட்டியலைத் தன் கையால் எழுதித் தன் வாயால் வாசித்தவர். வராததற்குக் காரணம் கேட்கப்படாது என்ற விதியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். காரணம் கேட்டால் எல்லாரிடமும் ஒன்று இருக்கும் என்பார். அவர் குடும்பத்துப் பெயர் அவர் அப்பா காலத்திலிருந்து அந்தப் பட்டியலில் வந்ததில்லை. வீட்டில் சோறு இறங்காத நாட்களில்கூட இந்த நினைப்பு அவருக்கு இறங்கும்.

அன்றைய பொருள்: இணையதளத்தில் பகிர்வுப் பொத்தான் வைப்பது.

தலைவர் ஜெரி எழுந்தார். கூட்டத்தில் பேசும்போது அவர் வீட்டில் பேசும் தமிழைக் கழற்றி வைத்துவிடுவார்.

"நமது சங்கத்தில் ஆண்டுக்கு இருபது மரணங்கள் நிகழ்கின்றன. தரமான மரணங்கள். அவை ஏன் பாய்மரத் தெருவோடு நின்றுவிட வேண்டும்? திருவொற்றியூர்ச் சங்கத்தைப் பாருங்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்பதுதான். ஆனால் குவைத் வரைக்கும் தெரிகிறது."

மோகனப்ரியா விளக்கினாள். பெரிய கம்பெனிகள் தயாராகத் தரும் பொத்தான்களை எடுத்து ஒட்டினால், அவை தங்களோடு ஒரு மூட்டைச் சமாசாரத்தையும் உள்ளே இழுத்து வரும். பக்கம் திறக்க நேரம் பிடிக்கும். யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று வேவு பார்த்துக்கொண்டே இருக்கும். அது வேண்டாம். வெறும் இணைப்பாக நாலு வரியில் எழுதிவிடலாம். தொட்டால் அவரவர் போனில் உள்ள வாட்ஸாப் திறக்கும், பக்கத்தின் முகவரி அதில் தானாகவே வந்து உட்காரும், யாருக்கு வேண்டுமோ அவருக்கு அனுப்பிக்கொள்ளலாம். காத்திவாக்கத்தில் சிக்னல் இல்லாத மூலையில்கூடக் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஒரு மத்தியான வேலைதான்.

"எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எண்ணிக்கை காட்டுமா?" என்று கேட்டார் ஜெரி.

"காட்டாது சார். எண்ணணும்னா அந்தக் கம்பெனி ஆளு உள்ள வந்து குந்திக்கணும். வந்தா கனம் ஏறிடும். எல்லாரையும் பாத்துகினே இருப்பான்."

"பார்க்கட்டுமே. பார்ப்பதற்காகத்தானே வைக்கிறோம்."

மோகனப்ரியா அடுத்ததற்குப் போனாள். அனுப்பும் முகவரிக்கு மேலே ஒரு வரி வாசகம் வைக்கலாம். சாவுச் செய்திக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் நல்லது என்றாள்.

செயலாளர் கிறிஸ்டினா மூக்குக்கண்ணாடியை இறக்கினார். உறுப்பினர்களுக்குள் ஏற்றத்தாழ்வு காட்டக் கூடாது என்பது நான்காம் விதி. ஒரு பக்கத்துக்கு ஒரு வாசகம், இன்னொரு பக்கத்துக்கு வேறு வாசகம் என்றால் அது ஏற்றத்தாழ்வு. ஆகவே எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வாசகம். அதையும் அவரே எழுதி வைத்திருந்தார்: 'பாய்மரத் தெரு நல்மரண சகாய சங்கம் பெருமையுடன் பகிர்கிறது.'

"சாவுக்குமா டீச்சர்?" என்று அடைக்கலமேரி கேட்டாள்.

பெருமை சங்கத்தைப் பற்றியது, செய்தியைப் பற்றியதல்ல என்று பதில் வந்தது.

தீர்மானத்தை வழிமொழிய ஆள் தேவைப்பட்டது. இக்னேஷியஸ் எழுந்தார். என்ன பொத்தான், எங்கே வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் நாற்பது வருடமாக ஒரு தீர்மானத்தையும் அநாதையாக நிற்க விட்டதில்லை. வழிமொழிந்தார். பதினொரு படங்கள் உட்பட எல்லாரும் ஆதரித்ததாகப் பதிவாயிற்று.

பொத்தான் வைத்த பதினோராம் நாள் சந்தியாகு இறந்தார். இழுவைப் படகில் வேலை பார்த்தவர், எண்பத்து மூன்று வயது. அவர் படத்தோடு அறிவிப்பு ஏறியது. மதியத்துக்குள் தெருவே பகிர்ந்துவிட்டது. மஸ்கட்டில் இருக்கும் அவர் மகள் டெபோராவுக்கு அப்பா போன செய்தி அண்ணன் போன் செய்வதற்கு முன்பே வந்து சேர்ந்தது. சங்கம் பெருமையுடன் அதைப் பகிர்ந்திருந்தது. அவள் அழுதுகொண்டே ஜெரிக்குப் போன் செய்து, எங்கப்பா செத்ததில் உங்களுக்கு என்ன பெருமை என்று கேட்டாளாம். ஜெரி அவளுக்கு ஆறுதல் சொன்னார். இதற்கு முன் சங்கத்தில் நடந்த எந்த மரணமும் இவ்வளவு விரைவாக மஸ்கட் போய்ச் சேர்ந்ததில்லை, இந்தப் பெருமை உன் தகப்பனாருக்குத்தான் கிடைத்தது என்றார்.

அடக்கம் புதன்கிழமை. இக்னேஷியஸுக்கு வலது கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. மகன் வில்சன் போவதாக ஏற்பாடு. வில்சன் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். மீஞ்சூர்ப் பக்கம் யார்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பியவன், எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் மாட்டிக்கொண்டான். முன்னால் இருநூறு வண்டி, பின்னால் இருநூறு வண்டி. சரக்கோடு வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு வர முடியாது. மூன்று மணிக்கு அடக்கம். மூன்றே காலுக்கு வரிசை நாற்பதடி நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை பட்டியல் இணையதளத்தில் வந்தது. ஒரே ஒரு பெயர். 'தோள் கொடாதோர்: இ. வில்சன், தகப்பனார் பெயர் இக்னேஷியஸ் (முன்னாள் செயலாளர்).' கீழே பொத்தான்.

முதல் போன் காத்திவாக்கத்திலிருந்து வந்தது. இக்னேஷியஸின் அக்காள் மகன்.

"மாமு, வில்சன் பேரு வந்துகீதே, சங்கம் பெருமையா போட்டுகீது. இன்னா பரிசு?"

இக்னேஷியஸ் பரிசு இல்லை என்றார்.

"சொல்லு மாமு, நம்ம கைல இன்னா ஒளிவு மறைவு."

பரிசு இல்லை என்று இன்னொரு தரம் சொல்லி வைத்துவிட்டார். அடுத்தது புளியந்தோப்பிலிருந்து, மருமகள் வழிச் சொந்தம். அடுத்தது குவைத்திலிருந்து. ஆறு கைதட்டல் படம், ஒரு கேக் படம். இணைப்பைத் திறந்து படிக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. மேலே உள்ள வாசகத்தைப் படித்துவிட்டு வாழ்த்தினார்கள். ஒவ்வொருவருக்கும் அது வாழ்த்து இல்லை, அவமானம் என்று அவர் தன் வாயாலேயே விளக்க வேண்டியிருந்தது. விளக்கியவர்களெல்லாம் அதன் பிறகு போய்த் திறந்து படித்தார்கள். அறுபது வருடத்து மானத்தை அந்த ஒரு நாளில் பத்தொன்பது தடவை போனில் எடுத்துச் சொன்னார் இக்னேஷியஸ்.

சாயங்காலம் வில்சன் வந்தான். வரிசையிலேயே முப்பது மணி நேரம் உட்கார்ந்து, அதன் பிறகு சரக்கையும் இறக்கிவிட்டு வந்த முகம். அவன் கை கழுவும் வரைகூட அவர் பொறுக்கவில்லை. உன் தாத்தா பேர் வந்ததில்லை, என் பேர் வந்ததில்லை, உன் பேர் வந்துவிட்டது என்றார். வில்சன் தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தான். காரணம் என்ன என்று ஊரில் கேட்டால் நான் என்ன சொல்வது என்றார்.

"கேக்கக் கூடாதுன்னுதான் ரூல் கீதே நைனா. நீ போட்டதுதான," என்றான் வில்சன். கோபமாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். மருமகள் ஜானட் குழம்பை அவன் தட்டில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் இக்னேஷியஸ் வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு, வீங்கின காலோடு சங்கத்துக்குப் போனார். பட்டியலை எடுக்கச் சொல்லவில்லை. அப்படிக் கேட்கிற ஆள் அவர் இல்லை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பொத்தானை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். கிறிஸ்டினா மோகனப்ரியாவுக்குப் போன் போட்டார். அவள் ரெண்டு நிமிட வேலை என்றாள்.

"முடியும் என்பது வேறு, விதி என்பது வேறு," என்றார் கிறிஸ்டினா. "ஒரு பக்கத்தில் பொத்தானை எடுத்தால் மற்ற பக்கங்கள் என்ன நினைக்கும்?"

ஜெரியும் அங்கேதான் இருந்தார். அவருக்கு வேறு கவலை. பொத்தான் எண்ணாது என்பதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. எண்ணாத பொத்தானால் திருவொற்றியூர்ச் சங்கத்தை எப்படி ஜெயிப்பது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். மேசை மேல் நீல அட்டை போட்ட புது நோட்டு. பகிர்வுப் பதிவேடு. இனி ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பக்கத்தையும் பகிர வேண்டும். பகிர்ந்த போனை எடுத்து வந்து செயலாளரிடம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். போன் இல்லாதவர்கள் மூன்று வீட்டில் ஏறி வாயால் பகிர்ந்து, அந்த மூன்று வீட்டுக் கையெழுத்தையும் வாங்கி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் பகிராதவர்கள் பெயர் தனியாக ஒரு பட்டியலாக வெளிவரும். பகிராதோர் பட்டியல். அதற்கும் கீழே பொத்தான் உண்டு.

முதல் ஆளாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் வழிமொழிந்தவர் என்று சொல்லி நோட்டை இக்னேஷியஸ் பக்கம் தள்ளினார்கள்.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். முதல் வரிசை, சந்தியாகு மரண அறிவிப்பு. அதை அவர் பகிர்ந்திருந்தார். இரண்டாவது வரிசை, தோள் கொடாதோர் பட்டியல். மகன் பெயரைத் தன் போனிலிருந்து தானே நாலு பேருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை குடும்பப் பெயர் இரண்டாவது பட்டியலிலும் வரும். எப்படிப் பார்த்தாலும் நாறப் போவது அவர் வீடு. முதல் வரிசையில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி எழுந்துவிட்டார். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் பதிவேடு தெருவில் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. பகிர வெளியாட்கள் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினார்கள், அவர் எதிர்வீட்டுக்கு அனுப்பினார், எதிர்வீட்டிலிருந்து முதல் வீட்டுக்கே திரும்பி வந்தது. வில்சன் பெயர் ஒரே தெருவுக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை சுற்றியது. சங்கத்தின் பகிர்வு முந்நூறைத் தாண்டிவிட்டது என்று ஜெரி கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்தார். போன் இல்லாத கிழவி ஒருத்தி இக்னேஷியஸ் வீட்டுக் கதவையே தட்டி, உம் மவன் வில்சன் தோள் குடுக்கலயாம், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு ராசா என்று காகிதத்தை நீட்டினாள். போட்டுக் கொடுத்தார்.

வெயில் தாழ்ந்ததும், இறால் வாங்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அவர் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போனார். அடைக்கலமேரி கூடையை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள். இருபத்தைந்து வருடமாக அவர் வீட்டில் அவளிடம் வாங்குவதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரைப் பார்த்ததும் அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"குந்து அண்ணாத்த. காலு வீங்கிகினு கீது."

அவர் உட்கார்ந்தார். அரைக் கிலோ போடச் சொன்னார். அவள் உரித்துக்கொண்டே பேசினாள். வில்சன் பட்டியலை அவள் பகிரவில்லையாம். டீச்சர் கூப்பிட்டனுப்பினாளாம். எம் பேரு வந்தா வரட்டும், எனுக்கு அது புச்சா என்று சொல்லிவிட்டாளாம்.

இக்னேஷியஸ் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேட்க வந்தாரோ அதை விட்டுவிட்டு, பையன் வேண்டுமென்று செய்யவில்லை, வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டான் என்றார்.

"தெரியும். எங்க வூட்டுக்காரரும் வேணும்னு செய்யல. பெரியாஸ்பத்திரில மூக்குல டியூப் சொருவி வச்சிருந்தாங்கோ."

இக்னேஷியஸ் பொட்டலத்துக்குக் கை நீட்டினார். அவள் இன்னும் கட்டவில்லை.

"சவரியான் அடக்கம். தொண்ணூத்தெட்டு. எங்க வூட்டுக்காரரு பேரைப் பட்டியல்ல எய்திப் படிச்சல்ல. நான் அடக்கத்துக்கு வந்திருந்தேன் அண்ணாத்த. அவரோட சங்கத்து பேட்ஜை எம் பொடவைல குத்திகினு வந்தேன். பொம்பள வந்தா கணக்கு இல்லன்ட்ட." அவள் இறால் தோலை ஓரமாகத் தள்ளினாள். "நான் வந்தேன். நீதான் வர்ல."

மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடந்தது அதுதான். அன்றைக்குத் துறைமுகத்தில் விழா. பத்து வருடம் விபத்தில்லாமல் கிரேன் ஓட்டியவர்களுக்கு அதிகாரி கையால் சால்வை. இரண்டு மணிக்கு முடியும் என்றார்கள். அதிகாரி நாலு மணிக்குத்தான் வந்தார். சால்வையை விட்டுவிட்டு வர இக்னேஷியஸுக்கு மனம் வரவில்லை. மறுநாள் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது பேனா அவர் கையில்தான் இருந்தது. அடைக்கலமேரியின் புருஷன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே எழுத வேண்டியதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை குரல் நடுங்காமல் வாசித்தார்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவருக்கே கேட்காத அளவுக்குத்தான் குரல் வந்தது.

"சொல்லலாம்னுதான் எய்ந்தேன். நீ அவரு பேரைப் படிச்சிட்டு என்னைப் பாத்த பாரு, ஒரு பார்வை. இந்தாளு தெனம் இதோடதான் படுத்து எய்ந்திருக்கப் போறான், அப்பால நான் வேற இன்னாத்துக்குன்னு குந்திட்டேன்." பொட்டலத்தைக் கட்டி நீட்டினாள். "நீ எங்க படுத்த. ஜம்முனு நிமுந்துகினு போயிட்டிருந்த. அது என் தப்பு."

அவர் இறாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். பதில் வணக்கம் சொல்லவில்லை. மகனைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. உன் தாத்தா பேர் வந்ததில்லை, என் பேர் வந்ததில்லை. என் பேர் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பகிராதோர் பட்டியலை வாசிக்கக் கிறிஸ்டினா எழுந்தபோது, இக்னேஷியஸும் எழுந்து ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அவர் கையெழுத்தில் மூன்று வரி. 1998 ஜூலை 23 வியாழன், சவரியான் அடக்கத்துக்கான பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டும். அடைக்கலமேரியின் கணவர் பெயரை எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தையும் பொத்தானோடு இணையதளத்தில் போட வேண்டும்.

கிறிஸ்டினா வாய்க்குள் படித்தார். தலைவரிடம் கொடுத்தார். தலைவர் படித்துவிட்டுச் சுவரில் உள்ள படங்களைப் பார்த்தார். உறுப்பினர்களுக்கு விஷயம் புரிய ஐந்து நிமிடம் பிடித்தது. பின் பெஞ்சில் வில்சன் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு பட்டியலில் பெயர் சேர்க்க அன்றைய செயலாளர் ஒப்புதல் வேண்டும்," என்றார் கிறிஸ்டினா.

"அன்னிக்கு செயலாளர் நான்தான்."

"அதுதான் சிக்கல். தன் பெயரைத் தானே சேர்த்துக்கொள்ள விதியில் இடமில்லை."

"தன் பேரைத் தானே வுட்டுடறதுக்கு மட்டும் இடம் இருந்துச்சேம்மா."

கணவர் பெயரை எடுக்கும் விஷயமும் அப்படியே நின்றது. பெயர் நீக்க சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து மனு கொடுக்க வேண்டும். அவர் இறந்து இருபது வருடம் ஆகிறது என்று அடைக்கலமேரி சொன்னாள். வர இயலாததற்குக் காரணம் கேட்கப்படாது என்பது விதி என்று செயலாளர் நினைவூட்டினார்.

ஜெரி எழுந்தார்.

"முன்னாள் செயலாளர் ஒரு பட்டியலில் தவறு செய்தார் என்று நாமே பகிர்ந்தால், மற்ற பட்டியல்கள் சரியா என்று மக்கள் கேட்பார்கள். பிறகு இந்நாள் செயலாளரைக் கேட்பார்கள். என்னையும் கேட்கலாம். சாதாரண உறுப்பினர் வெட்கப்பட்டால் அது சங்கத்தின் ஒழுங்கு. பொறுப்பில் இருந்தவர் வெட்கப்பட்டால் அது சங்கத்துக்கே வெட்கம். இந்த வேறுபாடு புரியாததால்தான் திருவொற்றியூர்ச் சங்கம் ஒன்பது மரணத்தோடு நிற்கிறது." மூச்சு வாங்கினார். "ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உண்மை பேசும் இந்தப் பண்பு. இதை நாம் பாராட்டாமல் இருக்கலாமா?"

காகிதம் பரிசீலனைக்கு ஏற்கப்படவில்லை என்று ஒரு தீர்மானம். காகிதம் கொடுத்தவரின் நேர்மையைப் பாராட்டி இன்னொரு தீர்மானம். முதல் தீர்மானப்படி காகிதத்தில் இருந்தது பதிவில் ஏறக் கூடாது. ஆகவே இரண்டாவது தீர்மானத்தில் எதற்காக நேர்மை என்று எழுத முடியவில்லை. வெறும் நேர்மை என்று எழுதினார்கள். பீரோவில் சால்வைகள் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்து உதறினார்கள், பாச்சை உருண்டை வாசம் வந்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் இக்னேஷியஸ் வாயைத் திறந்தார். அதற்குள் சால்வை தோளில் விழுந்துவிட்டது. சால்வை விழுந்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. மோவாய் உயர்ந்தது. அவர் நிமிர்த்தவில்லை. உடம்பே பழக்கத்தில் நிமிர்ந்துகொண்டது. அதற்குள் போட்டோ எடுத்துவிட்டார்கள். போட்டோவில் அவர் மிகவும் கம்பீரமாக இருக்கிறார்.

மேடையை விட்டு இறங்கும்போது பதிவேட்டில் இரண்டாவது வரிசைக்குக் கையெழுத்துப் போடப் போனார். தேவையில்லை என்றார் கிறிஸ்டினா. பாராட்டப்பட்டவர்களுக்குப் பகிர்விலிருந்து விலக்கு உண்டு. வில்சன் பட்டியலை இனி அவர் பகிர வேண்டாம், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வாசலில் வில்சன் காத்திருந்தான். இக்னேஷியஸ் சால்வையை எடுத்து மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகனிடம் என்னவோ சொல்ல வேண்டியிருந்தது.

"வரிசையில எம்மா நேரம்டா நின்ன?" என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் ஒருவரிடம் காரணம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"முப்பது மணி நேரம் நைனா."

"சாப்டியா?"

"பன்னு இருந்துச்சி."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் பாய்மரத் தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போனார்கள். வீங்கின காலால் அவரால் வேகமாக நடக்க முடியவில்லை. வில்சன் அவர் நடைக்கு நடந்தான்.

சாயங்காலம் பக்கம் ஏறிவிட்டது. இக்னேஷியஸின் படம், கீழே பொத்தான், பெருமையுடன் பகிர்கிறது. இந்தத் தடவை எல்லாரும் மனதார வாழ்த்தினார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எதற்காகச் சால்வை என்று பக்கத்தில் இல்லாததால் அவரவருக்குத் தோன்றியதை அவரவர் சேர்த்து அனுப்பினார்கள்.

ஐம்பது வருடத்தில் ஒரு அடக்கத்துக்கும் தோள் கொடுக்கத் தவறாததற்காக இக்னேஷியஸுக்கு அந்தச் சால்வை போடப்பட்டது என்று காத்திவாக்கம் முதல் குவைத் வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. 1998 ஜூலை 23 அன்று சவரியானின் பெட்டிக்குக் கடைசி முறை தோள் கொடுக்க நின்றவர்கள் ஐந்து ஆண்கள். ஓர் ஆள் குறைந்ததால் குழிக்குப் பத்தடி இருக்கும்போது புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தோள் கொடுத்தவள் அடைக்கலமேரி. இக்னேஷியஸ் அங்கே இல்லை.